அப்துல் கலாமின் கல்வி மரபும் செட்டிநாடும்

ஏ. பி. ஜெ. அப்துல் கலாம் (1931–2015) இந்தியாவின் 11ஆவது குடியரசுத் தலைவர் ஆவார். 2002 முதல் 2007 வரை அப்பதவியில் இருந்தார். இராமேசுவரத்தில் பிறந்த அவர் இராமநாதபுரம் சுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளி, திருச்சி தூய வளனார் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. ஆகியவற்றில் படித்தார். அவர் பள்ளியில் பயின்ற காலத்தில் காரைக்குடியும் தேவகோட்டையும் அதே இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தன. சிவகங்கை தனி மாவட்டமானது 1985இல். பழைய மாவட்டக் கணக்கில் பார்த்தால் கலாம் செட்டிநாட்டாருக்கு அயலூர்க்காரர் அல்லர்.

எனினும், ஒருவரின் நினைவைக் கல்வியின் வழியாகக் காப்பதில் காரைக்குடி முன்பே கண்டிருந்த முறை வேறு. கோட்டையூரைச் சேர்ந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் தம் ஊருக்கு வரவேண்டும் என்பதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். ஊரார் 'சிக்ரி' என்று அழைக்கும் அந்நிறுவனத்திற்கு 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 சனவரி 14 அன்று அதைத் திறந்து வைத்தவர் அப்போதைய குடியரசுத் துணைத் தலைவர் ச. இராதாகிருஷ்ணன். பின்னாளில் குடியரசுத் தலைவரான அவரது பிறந்த நாளே ஆசிரியர் தினம். அழகப்பர் 1957இல், தமது 48ஆவது பிறந்த நாளுக்கு முந்தைய நாள் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற நிலமும் கட்டடங்களும் அவர் வேலையைத் தொடர்கின்றன. 1985இல் அவர் பெயரில் பல்கலைக்கழகமும் உருவானது.

கலாம் அப்படி எழுதிவைக்க ஆலைகளும் நிலபுலன்களும் கொண்டவர் அல்லர். அவர் விட்டுச் சென்றவை பெரும்பாலும் பழக்கங்கள்: கேள்வி கேட்பது, புத்தகம் படிப்பது, மரம் நடுவது, மாணவரோடு பேசுவது. 2015 சூலை 27 அன்று ஷில்லாங்கில் மாணவர் முன் உரையாற்றிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. கட்டடத்தைப் பூட்டி வைத்துக் காக்கலாம். பழக்கத்தையோ யாரேனும் செய்துகொண்டே இருந்தால்தான் காக்க முடியும். இன்று தொடக்கப் பள்ளியில் இருக்கும் குழந்தைகள் அவர் மறைவுக்குப் பின் பிறந்தவர்கள் என்பதால் இது அவசரமான காரியமும் கூட.

அரசின் ஏற்பாடுகள்

இராமேசுவரம் பேய்க்கரும்பில் உள்ள நினைவிடம் 2017 சூலை 27 அன்று திறக்கப்பட்டது. அக்டோபர் 15ஆம் நாளைத் தமிழக அரசு 'இளைஞர் எழுச்சி நாள்' என அறிவித்தது. அவர் பெயரிலான விருதை 2015இல் முதன்முதலாகப் பெற்றவர் இஸ்ரோ அறிவியலாளர் ந. வளர்மதி. அந்நாளை ஐ.நா. 'உலக மாணவர் தினம்' என அறிவித்ததாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. ஐ.நா.வின் அதிகாரப்பூர்வ நாள்களின் பட்டியலில் அப்படி ஒன்று இல்லை. கலாம் சொன்னதாகச் சுற்றிவரும் பொன்மொழிகளிலும் அவர் சொல்லாதவை உண்டு. பேச்சுப் போட்டிக்குத் தயாராகும் மாணவர் 'அக்னிச் சிறகுகள்' நூலை ஒருமுறை புரட்டிச் சரிபார்ப்பது நல்லது.

பள்ளியும் ஊரும் செய்யக்கூடியவை

நரைத்த முடி ஒப்பனையோடு குழந்தைகளை மேடையேற்றுவதில் தவறில்லை, ஆனால் அது அன்று மாலையோடு முடிந்துவிடும். கலாம் தம் வாழ்க்கையில் அடிக்கடி நினைவுகூர்ந்தது வேறொரு பாடம். தொடக்கப் பள்ளி ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர், பறவை எப்படிப் பறக்கிறது என்பதை வகுப்பறையில் விளக்கியதோடு நிற்காமல், மாணவர்களைக் கடற்கரைக்கே அழைத்துச் சென்று காட்டினார். காரைக்குடி மாணவருக்குக் கடற்கரை அருகில் இல்லை, சிக்ரி இருக்கிறது. உலோக அரிப்பும் மின்கலமும் அங்கே அன்றாட ஆய்வுப் பொருள்கள். பாம்பன் பாலத்து இரும்பை உப்புக்காற்று ஏன் இவ்வளவு விரைவாகத் தின்கிறது என்ற கேள்வியோடு ஒரு வகுப்பு அங்கு போகலாம். மாணவரையும் அரசு ஆய்வகங்களையும் இணைக்கும் 'ஜிக்யாசா' திட்டம் 2017இல் தொடங்கப்பட்டதும் இதற்காகத்தான்.

கட்டணம் இன்னொரு செய்தி. எம்.ஐ.டி.யில் சேர ஏறக்குறைய 1,000 ரூபாய் தேவைப்பட்டபோது, கலாமின் அக்கா சொகரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அந்த நகை இல்லாதிருந்தால் அவர் படிப்பு அங்கேயே நின்றிருக்கக்கூடும். வணிக வருவாயில் ஒரு பங்கை அறத்திற்கென ஒதுக்கும் 'மகமை' வழக்கம் செட்டிநாட்டுக்குப் புதிதல்ல. கலாம் பெயரில் விழா எடுக்கும் ஓர் ஊர் அமைப்பு, பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் ஆகும் தொகையில் ஒரு பெண்ணின் சேர்க்கைக் கட்டணத்தைக் கட்டினால் அது சொகரா செய்த வேலையின் தொடர்ச்சி.

வீட்டுக்கு ஒரு சிறு நூலகம் வேண்டும் என்பதும் கலாம் வலியுறுத்தியது. தனி ஒருவர் முயற்சி எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் செட்டிநாட்டிலேயே சான்று உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுதும் சேர்த்த நூல்களும் இதழ்களுமே இன்று சென்னையில் ஆய்வாளர் நாடிச் செல்லும் ஆராய்ச்சி நூலகத்திற்கு அடித்தளம்.

மரம் நடுவதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. கலாமின் விருப்பத்தை ஏற்று நடிகர் விவேக் 'கிரீன் கலாம்' என்ற பெயரில் தம் மறைவு வரை மரம் நட்டுவந்தார். அவரைப் பின்பற்றி நினைவு நாளிலும் பிறந்த நாளிலும் கன்று நடுவது பள்ளிகளில் வழக்கமாகியுள்ளது. சிவகங்கைச் சீமை வறண்ட பூமி. நினைவு நாளான சூலை 27 கடும் வெயில் காலம். அப்போது நட்ட கன்றுக்கு நாள்தோறும் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். பிறந்த நாளான அக்டோபர் 15 வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன் வருகிறது. அன்று நட்டால் மழையே வேர் பிடிக்க வைக்கும். அடுத்த கோடையில் பள்ளி விடுமுறை நாள்களில் குடம் தூக்கப் போவது யார் என்பதை நடும்போதே பெயர் குறித்து வைக்க வேண்டும். வேம்பும் புங்கனும் இரண்டு மூன்று கோடையைத் தாண்டிவிட்டால் பிறகு பெரும்பாலும் தாமாகவே நிற்கும்.