முதலில் வெந்நீர்

பௌர்ணமிக்கு மறுநாள் காலை ஆறரை மணி இருக்கும். திருவண்ணாமலை செங்கம் சாலையில் ரமணாசிரமத்துக்குப் பக்கத்து டீக்கடையில், கிரிவலம் முடித்தவர்கள் காலை நீட்டிப் பெஞ்சில் சாய்ந்திருந்தார்கள். பதினைந்து வயதுப் பையன் ஒருவன் சட்டை முனையைக் குவித்துப் பிடித்தபடி வந்து, "அண்ணே, கொஞ்சம் பால் ஊத்துங்க, காசு தரேன்" என்றான். சட்டைக்குள் ஒரு பூனைக்குட்டி. சாம்பல் நிறம், உள்ளங்கைக்குள் அடங்கும். கத்திக் கத்தித் தொண்டை கட்டி, வாய் திறந்தாலும் சத்தம் வரவில்லை.

மாஸ்டர் பால் சட்டியில் குவளையை விட்டுவிட்டார். நான் தடுத்தேன். "பால் வேணாம்ணே. பாய்லர்லேர்ந்து வெந்நீர் குடுங்க."

பையன் முகம் சுண்டிப்போயிற்று. பசியில் துடிக்கிற குட்டிக்குப் பாலை மறுக்கிறாளே என்று நினைத்திருப்பான். அன்று அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவனுக்கு இருந்த அவசரம் ஒரு காலத்தில் எனக்கும் இருந்தது. அதில் ஒரு குட்டியைப் பறிகொடுத்தேன். மழையில் நனைந்த குட்டி. துடைத்துவிட்டு, மல்லாக்கப் போட்டு, இங்க் ஃபில்லரில் பசும்பால் புகட்டினேன். குடித்தது என்று மகிழ்ந்தேன். மறுநாள் மூச்சு களகளவென்று இரைந்தது, மாலையில் அடங்கிவிட்டது. நான் செய்த மூன்று தவறுகளும் அன்பினால் செய்தவை. அதனால்தான் அவற்றைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசுகிறேன்.

முதல் தவறு, குளிர்ந்த உடம்புக்குப் பால் கொடுத்தது. பிறந்து ஒரு வாரம் வரை பூனைக்குட்டிக்குக் குளிரில் நடுங்கக்கூடத் தெரியாது. தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் திறன் வர மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரை தாயின் வயிறும் கூடப் பிறந்தவையும்தான் அதற்கு அடுப்பு. வளர்ந்த பூனையின் உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸுக்கு மேல். பிறந்த குட்டிக்கோ 35, 36தான். அதற்கும் கீழே இறங்கினால் குடல் அசைவதை நிறுத்திவிடும். அப்போது உள்ளே போகும் பால் செரிக்காமல் தங்கிப் புளிக்கும், அல்லது மேலேறி மூச்சுக்குழலுக்குள் போகும். திருவண்ணாமலை வெயிலூர்தானே, இங்கே என்ன குளிர் என்று கேட்கலாம். விடியற்காலைச் சிமெண்ட் தரையும் சாக்கடை ஓர ஈரமும் ஒரு சாண் நீளக் குட்டிக்குப் போதும்.

சோதிப்பது எளிது. சுண்டு விரல் நுனியைக் குட்டியின் வாய்க்குள் வையுங்கள். உள்ளே கதகதப்பாக இருந்தால் நல்லது. குளுகுளுவென்றிருந்தால் பாலை மறந்துவிடுங்கள்.

மாஸ்டர் தந்த வெந்நீரை ஒரு பழைய தண்ணீர் பாட்டிலில், கை பொறுக்கும் சூட்டுக்கு விளாவி நிரப்பினோம். அதன்மேல் பையனின் துண்டை இரண்டு சுற்று சுற்றி, பிஸ்கட் அட்டைப்பெட்டியில் ஒரு பக்கமாக வைத்தோம். மறுபக்கம் காலியாகவே இருக்கட்டும். சூடு அதிகமானால் குட்டி தானே நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். பாட்டில் நேரடியாகத் தோலில் பட்டால் கொப்புளித்துவிடும். அடுப்பருகிலோ வெயிலிலோ வைத்து வேகமாகச் சூடேற்றுவதும் ஆபத்து. அரை மணி, ஒரு மணி நேரம், மெல்ல மெல்லத்தான்.

குட்டி பாட்டிலோடு ஒட்டிக்கொண்டதும் கேட்டேன். "எங்க கெடச்சுது, தம்பி?"

"அங்க, தேங்கா கடை சாக்கு சந்துல. இது ஒண்ணுதான் கெடந்துச்சுக்கா. ஆத்தா உட்டுட்டுப் போயிடுச்சு."

விட்டுவிட்டுத்தான் போயிற்றா? அதை யோசிக்க வேண்டும். பௌர்ணமி இரவில் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டரும் லட்சக்கணக்கான கால்கள். தாய்ப்பூனை கூட்டத்தையும் இரைச்சலையும் கண்டால் குட்டிகளை இடம் மாற்றும். ஒரு நடைக்கு ஒன்றுதான் அதனால் தூக்க முடியும். மூன்று குட்டி இருந்தால் மூன்று நடை. கடைசியாகக் கிடப்பது கைவிடப்பட்ட குட்டி என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்? தன் முறைக்காகக் காத்திருக்கிற குட்டியாகவும் இருக்கலாம். வைணவர்கள் இதைத்தான் மார்ஜார நியாயம் என்று சரணாகதிக்கு உவமையாக்கினார்கள்: குரங்குக் குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்ளும், பூனைக்குட்டி எதையும் பற்றுவதில்லை, தாய் பிடரியைக் கவ்வித் தூக்கும்வரை இருந்த இடத்தில் இருக்கும். மலையடிவாரத்தில் குரங்குகளைத் தினம் பார்க்கிற நமக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். இருந்தும், இருந்த இடத்தில் இருக்கிற குட்டியைக் கண்டதும் 'அனாதை' என்று தூக்கிவிடுகிறோம்.

சுத்தமாக, வயிறு உருண்டு, அமைதியாகத் தூங்கும் குட்டிக்குத் தாய் இருக்கிறது என்று பொருள். தொடாதீர்கள். அழுக்காக, வயிறு ஒட்டிக் கத்துகிறது என்றாலும், உடம்பில் சூடு இருந்தால் சில மணி நேரம் தள்ளி நின்று பாருங்கள். பக்கத்தில் நின்றால் தாய் வராது. மனிதக் கை பட்டால் பூனை குட்டியைச் சேர்க்காது என்கிறார்களே, பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. மனிதன் எத்தனை மருந்தும் பாலும் வாங்கி வைத்தாலும் தாயின் மடிக்கு ஈடாகாது. எனவே பெட்டியை அந்தச் சாக்குச் சந்திலேயே, நாய் எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பாட்டில் ஆற ஆற இரண்டு முறை வெந்நீர் மாற்றினான் பையன். பதினொரு மணிவரை தாய் வரவில்லை. அதற்குப் பிறகுதான் பால் பேச்சை எடுத்தேன்.

பால் புகட்டுவதற்கு முன்மாதிரி பக்கத்து ரமணாசிரமத்திலேயே உண்டு. அங்கே பசு லட்சுமியின் சமாதி இருப்பதை எல்லோரும் அறிவார்கள். 1948 ஜூன் 18 அன்று, அது இறந்த நாளில், ரமணர் அதன் அருகே சென்று அமர்ந்தார். பக்கத்தில் மான், காகம், நாய் இவற்றின் சமாதிகளும் உண்டு. விலங்குகளை அவர் 'அது' என்று சொல்லமாட்டார். நாய்களைப் 'பசங்க' என்பார். அடியார்களின் நினைவுக் குறிப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது அணில் குஞ்சுகளின் கதை. கண் திறக்காத குஞ்சுகள் கூட்டிலிருந்து விழுந்துவிட, அவர் பஞ்சுப் படுக்கை அமைத்து, இன்னொரு துணுக்குப் பஞ்சைத் திரிபோல முறுக்கிப் பாலில் தோய்த்து, சின்னஞ்சிறு வாய்களில் சொட்டுச் சொட்டாகப் பிழிந்தார். வேளை தவறாமல் அப்படிச் செய்து பிழைக்க வைத்தார் என்கிறார்கள். படுக்கை, பிறகு பால், அதுவும் சொட்டாக, வேளை தப்பாமல். ஒன்று மட்டும் மாற்றிக்கொள்ளலாம்: பஞ்சு நாரைக் குட்டி உறிஞ்சி விழுங்கிவிடக்கூடும் என்பதால் இன்று ஊசி கழற்றிய ஒரு மில்லி சிரிஞ்ச் நல்லது. மருந்துக்கடையில் சில ரூபாய்தான்.

என் இரண்டாவது தவறு பசும்பால். அது ஏன் கூடாது? கன்றுக்குச் சுரப்பது கன்றுக்குத்தான். பசும்பாலில் நூற்றுக்கு மூன்று சொச்சம் புரதம். பூனைப் பாலில் அதைப்போல இரண்டு மடங்கு. அதனால் குட்டி வயிறு நிறையக் குடித்தும் மெலியும். லாக்டோஸ் சேராமல் கழிச்சலும் வரும். 200 கிராம் உடம்பில் ஒரு நாள் கழிச்சல் என்பது சாவுக்குப் போதுமான நீரிழப்பு. பூனைக்குட்டிக்கென்றே பால் பவுடர் இருக்கிறது. உள்ளூரில் இல்லாவிட்டால் வேலூரிலோ ஆன்லைனிலோ வாங்கலாம். வந்து சேரும் ஓரிரு நாளுக்கு ஆட்டுப்பால் ஒப்பேற்றும், அதற்குமேல் வேண்டாம்.

புகட்டும் விதம்தான் உயிர் காக்கும் இடம். என் மூன்றாவது தவறும் இதில்தான்: மனிதக் குழந்தையைப் போல மல்லாக்கக் கிடத்தாதீர்கள். தாயின் மடியில் அது எப்படிக் கிடக்குமோ அப்படி, வயிறு கீழே, நான்கு காலும் ஊன்றி, தலை சற்றே நிமிர்ந்து இருக்கட்டும். உள் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு தெரிய வேண்டும். சிரிஞ்சை வாயின் ஓரத்தில் வைத்து ஒரு சொட்டு, அது விழுங்கியதும் அடுத்தது. மூக்கில் பால் வந்தால் உடனே நிறுத்தித் தலையைத் தாழ்த்துங்கள். 100 கிராம் எடைக்கு ஒரு வேளைக்கு நான்கு மில்லிக்கு மேல் போகாதீர்கள். முதல் வாரம் இரண்டு மூன்று மணிக்கொரு தரம், இரவிலும். இரண்டாம் வாரம் மூன்று நான்கு மணிக்கொரு தரம். "ராத்திரியுமாக்கா?" என்றான் பையன். ராத்திரியும்தான்.

இன்னொன்றைப் பலர் அறியாமல் குட்டியை இழக்கிறார்கள். மூன்று வாரம் வரை அதற்குத் தானாகச் சிறுநீர் கழிக்கத் தெரியாது. தாய் நக்கிவிட்டால்தான் வரும். ஒவ்வொரு முறை பால் கொடுத்ததும் வெதுவெதுப்பான ஈரப்பஞ்சால் பின்புறத்தை மெல்ல வருடுங்கள். பஞ்சில் மஞ்சள் படும். அந்த மஞ்சளைக் கண்டால் நிம்மதியாகப் படுக்கலாம்.

பையனின் குட்டிக்குக் கண் பாதி திறந்திருந்தது. பிறந்த ஏழிலிருந்து பதினான்கு நாளுக்குள் கண் திறக்கும் என்பதால், பத்து நாள் குட்டி என்று கணித்தோம். மளிகைக்கடை எலெக்ட்ரானிக் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்கி, குட்டியை இறக்கினோம். 180 கிராம். நாளுக்கு 10லிருந்து 15 கிராம் ஏற வேண்டும். ஏறாவிட்டால், அது எவ்வளவு துள்ளினாலும், டாக்டரிடம் ஓட வேண்டும் என்றேன்.

வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்காதீர்கள். உடம்பு சுடுகிறதே என்று குழந்தைக்குக் கொடுக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்தால் பூனை செத்துப்போகும். அதை முறித்து வெளியேற்றும் நொதி பூனையின் ஈரலில் போதிய அளவு இல்லை. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்துவிடும். டெட்டால் குளியலும் விஷம்தான். நாய்க்கான தெள்ளுப்பூச்சி மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு வலிப்பு வரவைக்கும். ஆனால் தெள்ளுப்பூச்சியை அப்படியே விடவும் முடியாது, இத்தனை சிறிய உடம்பில் அவை குடிக்கும் ரத்தமே சோகைக்குக் காரணமாகிவிடும். பேன் சீப்பால் வாரி, சோப்புத் தண்ணீரில் உதறுங்கள். போதும்.

நான்கு வாரமானால் அதே பவுடர் பாலில் குழைத்த குட்டி உணவு, உப்பும் மசாலாவும் வெங்காயமும் இல்லாமல் வேகவைத்த மீன், கோழி. குடற்புழு மருந்து, எட்டாவது வாரத்தில் முதல் தடுப்பூசி, பன்னிரண்டாவது வாரத்தில் ரேபிஸ் ஊசி இவற்றை அரசு கால்நடை மருத்துவமனையில் கேட்டுத் தேதி குறித்துக்கொள்ளுங்கள். இடையில் குட்டி உங்களைக் கடித்தாலோ பிறாண்டினாலோ அந்த இடத்தைக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், ஊசி இலவசம். நாய்க்கடிக்கு மருத்துவம் பார்க்கக் குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907இலேயே வந்துவிட்ட மாநிலம் இது. பூனைதானே என்று அலட்சியம் வேண்டாம்.

ஒன்றைக் கொஞ்சம் கடுமையாகவே அவனிடம் சொன்னேன். இரண்டு மாதம் வளர்த்துவிட்டு, "பெரிய கோயில் வாசல்ல உட்டா பிரசாதம் தின்னு பொழச்சிக்கும்" என்று விட்டுவிட்டுப் போகிறவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். பொங்கலிலும் தயிர்சாதத்திலும் பூனை வாழ முடியாது. டாரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் கிடைக்கும்; அது இல்லாவிட்டால் கண் பார்வை மங்கும், இதயம் தளரும். பசியில் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. வளர்க்க முடியாவிட்டால் வளர்க்கிற வீட்டைத் தேடிக் கொடுங்கள். பெண் குட்டி நான்கைந்து மாதத்திலேயே சினைப்படும், இரண்டு மாதத்தில் ஈனும். ஐந்தாவது மாதத்துக்குள் கருத்தடை செய்துவிட்டால் சாக்குச் சந்தில் இன்னொரு குட்டி குளிரில் கிடக்காது.

பையன் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிளம்பினான். போகும்போது மாஸ்டர், பாட்டிலை இன்னொரு முறை நிரப்பிக் கொடுத்தார்.

முதல் மூன்று நாள் போனில் கேட்டுக்கொண்டே இருந்தேன். நான்காம் நாள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். சுவரில் தொங்கும் தினசரி காலண்டரின் கிழித்த தாள்கள், வரிசையாகத் தரையில். ஒவ்வொன்றின் மேலும் பேனாவால் எழுதியிருந்தான்: 180. 180. 190. கடைசித் தாளில், ராகு காலத்துக்கும் எமகண்டத்துக்கும் நடுவில் கொட்டை எழுத்தில், 205.