அப்பாவின் நைட் ஷிப்டுக்கு வீடே அமைதி... மகளின் நைட் டூட்டிக்கு?

புதிதாக நர்ஸ் வேலைக்குப் போகும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியவை

நெய்வேலி நகரியத்தில் ஷிப்ட் என்றால் என்னவென்று ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரியும். 1956-ல் நிலக்கரி நிறுவனம் தொடங்கிய காலத்திலிருந்தே அந்த ஊர் மூன்று ஷிப்டுகளில்தான் மூச்சு விடுகிறது. சுரங்கத்திலோ அனல்மின் நிலையத்திலோ இரவு வேலை முடித்து அப்பா வந்து படுத்தால், குவார்ட்டர்ஸில் டி.வி. வாயை மூடிக்கொள்ளும். "அப்பா நைட் ஷிப்டு, சத்தம் போடாதே" என்று அம்மா கண்ணாலேயே மிரட்டுவார்.

இப்போது அதே குவார்ட்டர்ஸ்களிலிருந்து மகள்கள் நர்ஸிங் முடித்து வேலைக்குப் போகிறார்கள். மகன்களும்தான். ஆனால், நைட் டூட்டி முடித்து வரும் மகளை எத்தனை வீடுகள் அப்படித் தூங்க விடுகின்றன? "வந்துட்டியா... இந்த வெங்காயத்தை மட்டும் அரிஞ்சு கொடுத்துட்டுப் படு" என்றுதான் பல வீடுகளில் பொழுது விடிகிறது.

இந்த வேலையின் அருமை நெய்வேலிக்குத் தெரியாததல்ல. 2020 ஜூலை 1 அன்று இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்து நடந்தது. ஆறு தொழிலாளர்கள் அன்றே உயிரிழந்தார்கள். தீக்காயம் பட்டவர்களில் மேலும் சிலர் பிறகு சிகிச்சை பலனின்றி இறந்தார்கள். அதுபோன்ற நாளில் காயம்பட்டவர் அருகே விடிய விடிய நிற்பது ஒரு நர்ஸ்தான். அந்த இடத்தில் நிற்கும் தைரியம் கல்லூரிச் சான்றிதழோடு கூடவே வந்துவிடாது. முதல் இரண்டு ஆண்டுகளில்தான் அது உருவாகிறது. பலர் மனம் உடைந்து வேலையை விடுவதும் அந்த இரண்டு ஆண்டுகளில்தான்.

முதல் மாத அதிர்ச்சி

கல்லூரியில் ஒரு நோயாளி, ஒரு கேஸ் ஷீட், கூடவே ஒரு டீச்சர். வார்டிலோ ஒருவருக்கு டிரிப் முடிகிறது, இன்னொருவருக்கு மூச்சு வாங்குகிறது, மூன்றாவது கட்டிலின் அட்டெண்டர் "எவ்வளவு நேரமா கூப்பிடறது சிஸ்டர்?" என்று கோபப்படுகிறார். இந்திய நர்ஸிங் கவுன்சிலின் அளவுகோல்படி பொது வார்டில் ஐந்து நோயாளிகளுக்கு ஒரு நர்ஸ் இருக்க வேண்டும். கல்லூரி மருத்துவமனை என்றால் மூன்று பேருக்கு ஒருவர். இரவு நேரத்தில் இந்தக் கணக்கு காகிதத்திலேயே நின்றுவிடுகிறது என்பது வார்டில் நின்ற எல்லோருக்கும் தெரியும்.

"எனக்கு இந்த வேலை சரிப்படாதோ?" என்று பாத்ரூமில் போய் அழாத புது நர்ஸ் அபூர்வம். இது நம் ஊரில் மட்டும் நடப்பதும் அல்ல. அமெரிக்க நர்ஸிங் ஆய்வாளர் மார்லீன் கிராமர் 1974-லேயே இதற்கு 'ரியாலிட்டி ஷாக்' என்று பெயர் வைத்து ஒரு புத்தகமே எழுதினார். முதலில் உற்சாகம், பிறகு ஏமாற்றமும் கோபமும், அதற்குப் பிறகு மெல்ல மெல்லத் தெளிவு என்று அவர் படிப்படியாக விளக்கினார். பாட்ரீசியா பென்னர் 1984-ல் இன்னொன்றைச் சொன்னார். ஒரே மாதிரியான வார்டில் இரண்டு, மூன்று ஆண்டுகள் வேலை பார்த்த பிறகுதான் ஒரு நர்ஸ் எதை முதலில் செய்வது என்று தானாகத் திட்டமிடும் நிலைக்கு வருகிறார் என்பது அவர் கண்டது. ஆகவே, ஆறாவது வாரத்தில் தடுமாறுவதை வைத்து இந்த வேலைக்கு நீங்கள் தகுதியில்லை என்று முடிவுகட்டத் தேவையில்லை.

அதுவரை கை கொடுக்கும் சில பழக்கங்கள்:

* டூட்டி மாற்றும்போது பாக்கெட் நோட்டில் கட்டில்வாரியாக எழுதிக்கொள்ளுங்கள்: நோயாளிக்கு என்ன பிரச்னை, இதுவரை என்ன செய்திருக்கிறது, இப்போது எப்படி இருக்கிறார், அடுத்து என்ன செய்ய வேண்டும்.
* டாக்டர் போனில் மருந்து சொன்னால், மருந்தின் பெயரையும் அளவையும் திருப்பிச் சொல்லி 'சரி' வாங்கிய பிறகே கொடுங்கள். நேரத்தோடு எழுதி வைத்து, அவர் வந்ததும் கையெழுத்து வாங்குங்கள்.
* சந்தேகம் வந்தால் இன்சார்ஜ் சிஸ்டரைக் கேளுங்கள். அவர் எரிந்து விழுந்தாலும் பரவாயில்லை. திட்டு ஒரு நாளில் மறந்துவிடும். மாறிப்போன இன்ஜெக்‌ஷனைத் திரும்ப எடுக்க முடியாது.
* செய்யாததைச் செய்ததாக ஒருநாளும் எழுதாதீர்கள்.

கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

பாஸ் செய்ததும் முதல் வேலை தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவு செய்வது. அதற்குப் பிறகுதான் நீங்கள் ஆர்.என்., ஆர்.எம். வேறு மாநிலத்தில் வேலை கிடைத்தால் அங்குள்ள கவுன்சிலிலும் பதிவு வேண்டும். அந்த வேலை முடிய நாளாகும், முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். தேசியப் பதிவேட்டில் உங்களுக்கென ஒரு அடையாள எண்ணும் உண்டு.

வேலையில் சேரும்போது அசல் சான்றிதழ்களை 'பாதுகாப்புக்காக' வாங்கி வைத்துக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றன. அசலைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள். எத்தனை மாதம் பாண்ட், இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை எழுத்தில் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். நியமனக் கடிதத்தில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. இருக்கிறதா என்று பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருவார்கள். பிற்பாடு பிரசவ விடுப்பு தேவைப்படும்போது இந்த ஒரு வரி எவ்வளவு பெரிய உதவி என்று தெரியும். விலகும்போது அனுபவச் சான்றிதழ் வாங்காமல் வராதீர்கள். அரசு வேலைக்கும் வெளிநாட்டுக்கும் அதுதான் சாவி.

காத்திருப்பதா, கிடைத்ததில் சேர்வதா?

நெய்வேலி வீடுகளில் இந்தக் கேள்விக்கு ஒரு கெடு இருக்கிறது. அப்பா ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். மகளின் முதல் சம்பளமும் அப்பாவின் கடைசிச் சம்பளமும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கின்றன. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த சுற்றுக் கிராமங்களிலும், ஒப்பந்தத் தொழிலாளர் வீடுகளிலும் இந்த நெருக்கடி இன்னும் அதிகம். அதனால்தான் "கவர்ன்மென்ட் வேலை வரட்டும்" என்று ஒரு பக்கமும், "பத்தாயிரமோ பன்னிரண்டாயிரமோ, ஏதாவது ஒன்றில் சேர்" என்று இன்னொரு பக்கமும் பிள்ளையை இழுக்கிறார்கள்.

அரசு வேலை என்றாலே உடனே நிம்மதி என்பதும் இல்லை. 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வெழுதி வந்த ஆயிரக்கணக்கான நர்ஸ்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில்தான் சேர்ந்தார்கள். இரண்டு ஆண்டுகளில் பணி நிரந்தரம் என்று எதிர்பார்த்தவர்கள், அது நடக்காததால் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. காலியிடம் வர வரத்தான் நிரந்தரம் என்பதே அரசின் பதிலாக இருந்தது.

தனியார் மருத்துவமனைச் சம்பளமும் நீதிமன்றத்தைப் பார்த்ததுதான். 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதன்பேரில் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. 200 படுக்கைக்கு மேல் உள்ள மருத்துவமனைகள் அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம் தர வேண்டும், 50 படுக்கைக்குக் குறைவான இடங்களிலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. பரிந்துரை இன்னும் பல இடங்களில் பரிந்துரையாகவே இருக்கிறது. இருந்தாலும் சம்பளம் பேசும்போது இந்த எண்கள் நினைவில் இருக்கட்டும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு: வேலையில் சேர்ந்துகொண்டே தேர்வுக்குப் படிப்பது. எய்ம்ஸ் நடத்தும் 'நார்செட்' தேர்வை பி.எஸ்சி. நர்ஸிங் முடித்தவர்கள் எழுதலாம். டிப்ளமோ முடித்தவர்களுக்கு 50 படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையில் இரண்டு ஆண்டு அனுபவம் வேண்டும். மத்திய அரசு நர்ஸிங் ஆபீஸருக்கு ஏழாவது ஊதியக் குழுவின்படி அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய். டிப்ளமோ படித்தவர்கள் பத்துப் படுக்கை கிளினிக்கில் சேர்ந்தால் அந்த அனுபவம் இந்தத் தேர்வுக்கு உதவாது. எனவே முதல் வேலையைத் தேடும்போது சம்பளத்தோடு மூன்று கேள்விகளையும் கேளுங்கள்: எத்தனை படுக்கை? ஐ.சி.யூ., கேஷுவாலிட்டியில் பழக வாய்ப்பு உண்டா? முதல் வாரங்களில் கூட நின்று சொல்லித்தர சீனியர் இருப்பாரா?

ஊசி குத்திவிட்டால்...

அவசரத்தில் பயன்படுத்திய ஊசி கையில் குத்திவிடுவது நடக்கக்கூடியதே. பயத்தில் பலர் வெளியே சொல்வதில்லை. ஆபத்து அங்கேதான். குத்திய இடத்தைப் பிதுக்காமல் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். உடனே இன்சார்ஜிடம் சொல்லி, எழுதிப் பதிவு செய்யுங்கள். ஹெச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. 28 நாட்கள் சாப்பிட வேண்டும். ஹெச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினாலும் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்றுதான். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி தொற்றும் வாய்ப்போ நூற்றில் முப்பது வரைகூடப் போகலாம். அதனால் வேலையில் சேருமுன் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டாயிற்றா என்று பெற்றோர் கட்டாயம் கேட்க வேண்டும்.

கை ஓங்கினால், கண்ணியம் மீறினால்...

மருத்துவமனை ஊழியர்களைத் தாக்குவோர் மீது நடவடிக்கை எடுக்கத் தமிழ்நாட்டில் 2008 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. நர்ஸ்களும் அதில் அடக்கம். பாலியல் தொல்லை என்றால் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். சிறிய இடமாக இருந்தால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுப்பது நல்லது. தொல்லை கொடுத்தவர் நோயாளியோடு வந்தவராக இருந்தாலும் ஊழியரைப் பாதுகாப்பது நிர்வாகத்தின் கடமை. அவசர உதவிக்குப் பெண்கள் உதவி எண் 181.

வெளிநாட்டுக் கனவு

வளைகுடா, ஜெர்மனி, இங்கிலாந்து என்று விசாரிக்காத வீடு இல்லை. வளைகுடாவில் பெரும்பாலும் இரண்டு ஆண்டு அனுபவம் கேட்பார்கள். ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழியை பி2 நிலை வரை படிக்க வேண்டியிருக்கும். சவுதி, குவைத் போன்ற நாடுகளுக்கு நர்ஸ்களை அனுப்புவதற்கு மத்திய அரசு 2015-ல் கட்டுப்பாடு கொண்டுவந்து, அரசு நிறுவனங்கள் வழியாக அனுப்ப ஏற்பாடு செய்தது. தமிழ்நாட்டில் 'ஓ.எம்.சி.எல்.' என்ற அரசு நிறுவனம் இந்தப் பணியைச் செய்கிறது. பதிவு பெற்ற ஏஜென்ட்டாக இருந்தாலும் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். லட்சங்களில் பேசுகிறவரிடம் நகையை அடகு வைத்துக் கொடுக்காதீர்கள்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

இதில் பாதி காரியம் வீட்டில்தான் இருக்கிறது. நைட் டூட்டி முடித்து வந்தவருக்குச் சாப்பாடும், இருட்டான அறையும், தொடர்ந்து ஏழு மணி நேரத் தூக்கமும் கொடுங்கள். தூக்கமில்லாத கண்தான் மருந்துச் சீட்டைத் தவறாகப் படிக்கும். முதல் ஆறு மாதத்தில் "விட்டுடறேன்மா" என்றால், "இவ்வளவு செலவு பண்ணிப் படிக்க வெச்சோமே" என்று ஆரம்பிக்காமல் என்ன நடந்தது என்று முதலில் கேளுங்கள். வேலை கடினமாக இருந்தால் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லலாம். அவமானமோ, சம்பளப் பாக்கியோ, பாதுகாப்பு இல்லாத இடமோ என்றால், வேறு இடம் தேடச் சொல்லி நீங்களே துணை நில்லுங்கள். வரன் பார்க்கும்போதும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்: எங்கள் பெண்ணுக்கு மாதத்தில் சில நாள் இரவு வேலை உண்டு, மறுநாள் பகலில் அவள் தூங்குவாள்.