தையல் ஏன் கசிகிறது?

டெல்லி புசா ரோட்டில், 1959-ல் நேரு திறந்துவைத்த பி.எல்.கபூர் மருத்துவமனையில் இன்று புற்றுநோய் அறுவை சிகிச்சையும் நடக்கிறது. அதில் உணவுக்குழாய் என்றால் கூடுதல் சிக்கல்தான். நோயுள்ள பகுதியை வெட்டியெடுத்து, இரைப்பையைக் குழல்போலத் தைத்து நெஞ்சுக்குள், சிலருக்குக் கழுத்துவரைகூட, மேலே இழுப்பார்கள். அக்குழலுக்கு ரத்தம் தருவது பெரும்பாலும் வலப்பக்கத் தமனி ஒன்றே. கடைமடை வயல் மாதிரி, நுனிக்கு ரத்தம் குறைவு, தையலோ அங்கேதான்! குடலுக்கு இருக்கும் வெளியுறையும் உணவுக்குழாய்க்குக் கிடையாது. நூலுக்குப் பிடிமானம் குறைவு.

சோறு இறங்காமல் கஞ்சியில் நாளோட்டி இளைத்தவருக்குப் புண் ஆறப் புரதம் போதாது. கசிவு போதாதென்று, பீடி பிடித்த நுரையீரலில் சளி தேங்கும். நெஞ்சு வலியில் இருமவும் முடியாமல் நிமோனியா வரும். அதனால்தான் சில வாரம் முன்பே பீடியை நிறுத்தச் சொல்லி, மூன்று பந்து ஸ்பைரோமீட்டர் என்ற மூச்சுப்பயிற்சிக் கருவியைக் கையில் கொடுத்து உறிஞ்சவைக்கிறார்கள்.