மீன் வண்டியின் எஞ்சின்

திரேஸ்புரத்தில் ஏலம் முடிந்த கையோடு சாளையும் சீலாவும் ஓட்டப்பிடாரம், எட்டயபுரம் என்று உள்ளூர்ப் பக்கம் கிளம்பிவிடும். ஐஸ் போட்ட பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போன வண்டிகளில் டிவிஎஸ் 50-க்குத் தனி இடம் உண்டு. 1980-இல் ஓசூரிலிருந்து வந்த மொபெட் அது; இந்தியாவில் இரண்டு பேர் உட்கார்ந்து போக வந்த முதல் மொபெட். 50 சிசிக்கு எங்கிருந்து இத்தனை தெம்பு?

டூ-ஸ்ட்ரோக் என்பதுதான் பதில். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் வெடிப்பு. இதில் ஒவ்வொரு சுற்றுக்கும். தலைப்பகுதியில் வால்வும் கிடையாது, கேமும் கிடையாது. சிலிண்டர் சுவரில் துளைகள், அவற்றை மூடித் திறக்கும் பிஸ்டன், அவ்வளவுதான். பிஸ்டன் மேலே ஏறும்போது கீழே கிராங்க் அறைக்குள் பெட்ரோலும் காற்றும் இழுபடும்; இறங்கும்போது முதலில் புகைவழி திறக்கும், அடுத்த நொடித்துணுக்கில் புதுக் கலவை மேலே பாயும். இங்கிலாந்தின் பாத் நகரில் ஜோசப் டே 1890-களை ஒட்டிச் செய்த ஏற்பாடு இது. கலவை போகும் வழியிலேயே கிராங்க் இருப்பதால் தனியாக ஆயில் ஊற்றி வைக்க முடியாது. பெட்ரோலிலேயே கலந்துவிட வேண்டியதுதான். புகைக்கும் அந்த வாசனைக்கும் காரணம் அதுவே.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. புகை வெளியேறும் நேரத்திலேயே புதுக் கலவையும் நுழைவதால், அதில் ஒரு பங்கு எரியாமலே வெளியே ஓடிவிடும். பிஸ்டன் தலையில் மேடு வைத்துத் தடுத்துப் பார்த்தார்கள். மேடு சூடேறியது, கனத்தது. 1920-களில் ஜெர்மனியின் ஷ்னூர்லே துளைகளைச் சாய்த்து வைத்தார். கலவை எதிர்ச்சுவரில் மோதிச் சுழன்று திரும்பியது. பிஸ்டன் தலை தட்டையாக இருந்தாலே போதும் என்றாகிவிட்டது. டிகேடபிள்யூ இதைத் தன் மோட்டார் சைக்கிள்களில் பயன்படுத்தியது.

என்னைக் கேட்டால், இந்தக் கதையின் நாயகன் கிழக்கு ஜெர்மனியின் வால்டர் காடன்தான். அவர் கைவைத்தது சைலன்சரில். குழாய் விரியும் இடத்தில் புகையின் அழுத்த அலை உறிஞ்சும் அலையாகத் திரும்பிவந்து சிலிண்டரைக் காலியாக்கும். குறுகும் இடத்தில் மோதித் திரும்பும் அலை, தப்பி வந்த கலவையை மறுபடி உள்ளே தள்ளிவிடும். இதைக் கணக்காகச் செய்து 1961-இல் எம்இசட் நிறுவனத்தின் 125 சிசி பந்தய வண்டியில் 25 குதிரைத்திறன் எடுத்தார். அதே ஆண்டு அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர், சுவீடன் பந்தயத்தின்போது மேற்கே தப்பி ஓடினார். நுட்பமும் கூடவே போயிற்று. மறு ஆண்டே சுசுகி வண்டியில் 50 சிசி உலகப் பட்டம் அவருக்கு! பந்தய உலகத்தில் இதைவிடப் பெரிய களவு நடந்ததாக நான் படித்ததில்லை.

நம் ஊருக்கு இதன் பலன் 1985-இல் யமஹா ஆர்எக்ஸ் 100 ரூபத்தில் வந்தது. கலவை பின்வாங்காமல் தடுக்கும் ரீட் வால்வு, ஆயிலுக்குத் தனி டேங்க், 98 சிசியில் 11 குதிரைத்திறன். காலேஜ் பையன்கள் அதன் பின்னால் அலைந்தார்கள். மீன்காரர் டிவிஎஸ்ஸை விடவில்லை. அதில் பழுதாவதற்கே அதிகம் எதுவும் இல்லை. வண்டி இழுக்கவில்லை என்றால் மெக்கானிக் முதலில் சைலன்சரைத்தான் கழற்றுவார். ஆயில் கரி அடைத்திருக்கும். நெருப்பில் போட்டுச் சுட்டு, கம்பியால் குத்தித் தட்டினால் கறுப்புச் செதில்கள் கொட்டும். மாட்டிவிட்டால் பழைய வேகம் வந்துவிடும்.

ஷ்னூர்லேயும் காடனும் துரத்திய அந்த எரியாத பெட்ரோல்தான் கடைசியில் புகைக் கட்டுப்பாட்டு விதிகளில் மாட்டியது. விதிகள் இறுக இறுக, சின்ன வண்டிகளும் நான்கு ஸ்ட்ரோக்குக்கு மாறின. 2015-இல் வந்த டிவிஎஸ் எக்ஸ்எல் 100-க்கு பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டியதில்லை.