காய்கறி விதைகளின் முளைப்பும் வீரியமும்

கத்தரி, தக்காளி, மிளகாய் முதலிய பயிர்களுக்கு வேண்டிய விதையின் அளவு மிகச் சொற்பமே. ஓர் ஏக்கர் நடவுக்குச் சாதாரண ரகக் கத்தரி விதை 200 கிராமுக்குள் போதும். இதனாலேயே, நெல் விதையைப் பார்த்துப் பொறுக்கும் குடியானவரும் காய்கறி விதையைப் பரீட்சித்துப் பார்க்காமல் தூவிவிடுகின்றனர். விதை பொய்த்துப் போனால் நஷ்டமாவது அந்த 200 கிராமின் கிரயம் மாத்திரமன்று. உழுது எருவிட்ட நிலம் வீணே கிடக்க, மறுபடியும் விதைத்து நாற்றெடுக்கக் கத்தரிக்கு 30 முதல் 35 நாளும் மிளகாய்க்கு 40 நாளும் செல்லும். அதற்குள் பருவம் தப்பிவிடுகிறது.

விதை முளைப்பது வேறு. வீரியத்துடன் முளைப்பது வேறு. விதை சுவாசிக்கும் ஓர் உயிர்ப்பொருள். ஈரமும் உஷ்ணமும் மிகுந்தால் அதன் சுவாசம் அதிகரித்து, சேமித்த ஆகாரம் செலவாகிறது. உள்ளிருக்கும் நுண்ணறைகளின் மெல்லிய சவ்வுகளும் கெடுகின்றன. இவ்விதம் தளர்ந்த விதை நனையும்போது சர்க்கரை முதலிய சத்துக்கள் வெளியே கசிய, மண்ணிலுள்ள பூஞ்சணங்கள் அவற்றை நாடி வந்து முளையை அழுகச் செய்கின்றன. விதை அடியோடு சாவதற்கு நெடுநாள் முன்னரே வீரியம் குன்றிவிடுகிறது. ஈரத்துணியில் முளை காட்டிய விதை நாற்றங்காலில் ஏமாற்றுவதற்குக் காரணம் இதுவே. துணியில் மண் இறுக்கமும் இல்லை, எறும்பும் இல்லை.

ஆகையால் எத்தனை விதை முளைத்தது என்பதோடு, எத்தனை நாளில் முளைத்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். பரிசோதனைச் சாலைகளில் 400 விதைகளை எடுத்துப் பார்ப்பது வழக்கம். வீட்டில் 100 விதை போதும். பையின் மேல், நடு, அடி ஆகிய மூன்றிடங்களிலும் எடுத்துக் கலந்து, பதரும் உடைந்ததும் நீக்கி, எஞ்சியவற்றில் கைக்கு வந்தபடி எண்ண வேண்டும். பருத்த விதைகளாகத் தேர்ந்தெடுப்பது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதாகும். சுத்தமான பருத்தித் துணியை நனைத்து, நீர் சொட்டாதபடி பிழிந்து, அரை அங்குல இடைவெளியில் விதைகளைப் பரப்பிச் சுருட்டி, மூடிய மண்பானையில் நிழலில் வைக்கலாம். நீர் மிகுந்தால் காற்றின்றி நல்ல விதையும் அழுகும். தினமும் ஒரே வேளையில் பிரித்துப் பார்த்து, வேரும் தண்டும் பழுதின்றி வளர்ந்த முளைகளை மட்டும் எண்ணி அகற்றுக. வேர்நுனி மாத்திரம் எட்டிப் பார்ப்பது கணக்கிற் சேராது. தக்காளிக்கு 5-ம் நாளும், வெங்காயத்துக்கு 6-ம் நாளும், கத்தரி, மிளகாய்க்கு 7-ம் நாளும் முதற் கணக்கு; வெங்காயத்துக்கு 12-ம் நாளும் மற்றவைக்கு 14-ம் நாளும் இறுதிக் கணக்கு.

உதாரணமாக, இரண்டு பைகளிலுள்ள கத்தரி விதையும் 14-ம் நாளில் 100க்கு 76 முளைத்தன என்று கொள்வோம். ஒன்றில் 7-ம் நாளுக்குள் 60 முளைத்திருக்க, மற்றொன்றில் 20 தான் முளைத்திருந்தால், முடிவான எண் ஒன்றாயினும் விதைகள் ஒன்றல்ல. பின்னது கிழடுதட்டியது, அதன் நாற்று ஏற்றத்தாழ்வாக வளரும், நாற்றழுகல் அதனையே முதலிற் பற்றும். ஐயமுள்ள விதையை நாற்றங்கால் மண்ணையே ஒரு தட்டிலிட்டு அதிலும் விதைத்துப் பார்க்க வேண்டும். துணியில் கண்ட எண்ணுக்கும் மண்ணில் கண்ட எண்ணுக்கும் பேதம் எவ்வளவு அதிகமோ, வீரியம் அவ்வளவு குறைவு. ஜெர்மனியில் ஹில்ட்னர் என்பவர் 1911-ல் தானிய விதைகளைச் செங்கற்பொடியின்கீழ் முளைக்கவைத்து, அதை ஊடுருவி வரும் முளைகளையே எண்ணினார். தட்டில் விதைப்பதும் அதே கருத்தைப் பற்றியதாம்.

இந்தியாவில் 1966-ம் வருஷத்து விதைச் சட்டத்தையொட்டி வகுத்த அளவுப்படி, சான்று பெற்ற கத்தரி, தக்காளி, வெங்காய விதை 100க்கு 70-ம், வெண்டை 65-ம், மிளகாய் 60-ம் குறையாமல் முளைக்க வேண்டும். பைச்சீட்டில் காணும் முளைப்புக் கணக்கு பரீட்சித்த நாளுக்குரியதேயன்றி வாங்கிய நாளுக்குரியதன்று. வீரியமோ சீட்டில் இடம்பெறுவதில்லை.

சொந்த விதை சேர்ப்போர், விலைபோகாத கடைசிக் காய்களை விதைக்கென்று விடுவது பெரும் பிசகு. ஓய்ந்த செடியின் விதை பிறவியிலேயே நலிந்தது. இடைக்காலத்திற் காய்த்து நன்கு பழுத்து மஞ்சளான கத்தரியே ஏற்றது. பூசணி, சுரை விதைகளைச் சாணத்தில் பதித்துச் சுவரில் ஒட்டும் பழக்கம் தடித்த தோலுள்ள அவ்விதைகளுக்கு ஒருவாறு ஒத்துக்கொள்ளும். வெங்காயமும் மிளகாயும் அப்படியல்ல. நன்கு காய்ந்த விதையும் மழைக்காலக் காற்றில் திறந்து கிடந்தால் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஈரப்பதம் 100க்கு 8-க்கு மேற்படாமல் உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தல் வேண்டும். ஈரம் 1 சதவீதம் குறையுந்தோறும் விதையின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கிறது என்பது விதை நூலார் கண்ட கணக்கு. வெங்காய விதை யாவற்றினும் விரைவில் சக்தி இழப்பதாதலால், சென்ற வருஷத்து மீதியைப் பரீட்சியாமல் விதைக்கலாகாது.

கடையில் விதை வாங்குவோர் ரசீதையும் பைச்சீட்டையும் கைப்பிடி விதையையும் நாற்றுப் பிடுங்கும்வரை பத்திரப்படுத்தி வைக்க வேண்டும். நாற்றங்கால் பொய்த்தபின் வெறும் வாய்மொழியாக முறையிட்டால், பழுது விதையினுடையதா நீர் பாய்ச்சியவருடையதா என்று தீர்மானிக்க எவராலும் இயலாது. கிராம உத்தியோகஸ்தர்கள் விதைப்புக்கு மூன்று வாரம் முன்னதாகவே இதைக் குடியானவர்களுக்குத் தெரிவித்து, ஐயமுள்ள விதையின் மாதிரிகளை அரசாங்க விதைப் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்ப உதவுவது நலம். இறுதிக் கணக்கு முடியவே இரண்டு வாரமாகிறது.