மறந்துபோன குழாய்

யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரைப் பலநாள் கொதிக்கவைத்த கேத்தலின் உட்புறத்தில் வெள்ளையாய்ப் படியும் சுண்ணத்தை நம் இல்லத்தரசியர் நன்கறிவர். மனித உடலினுள் வைத்த குழாயிலும் இத்தகைய படிவு உண்டாகும் என்பதைப் பலர் அறியார்.

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் சிறுநீர்க்குழாய் 25 முதல் 30 சென்ரிமீற்றர் வரை நீளமுடையது; அகலமோ சில மில்லிமீற்றரே. கருப்பைக் கழுத்திலோ பெருங்குடலிலோ எழும் புற்றுநோய் வளர்ந்து இதனை நெரிக்குமாயின், சிறுநீர் மேலே தேங்கிச் சிறுநீரகம் பழுதடையும். அவ்வழியைத் திறந்துவைக்கவே ‘ஸ்டென்ற்’ என்னும் மெல்லிய குழாயை வைத்தியர் உட்செலுத்துகின்றனர். இரு முனைகளும் தூண்டில்போல் வளைந்த வகை 1978இல் அறிமுகமாயிற்று. வளைவுகள் பற்றிக்கொள்வதால் குழாய் இடம்பெயராது.

ஆயின் சிறுநீர் வெறுந்தண்ணீர் அன்று. அதிற் கரைந்துள்ள கல்சிய உப்புக்கள் குழாயின்மேற் படிகின்றன. சில நுண்கிருமிகள் யூரியாவைச் சிதைத்து அமோனியாவை உண்டாக்கிப் படிவை விரைவாக்குகின்றன. புற்றுநோயாளரோ வாந்தியால் நீர் வற்றியிருப்பர். மருந்தினால் நோயணுக்கள் அழிகையில் யூரிக் அமிலமும் மிகலாம். கல்லடைப்பு நோயாளரிடையே நடந்து 1991இல் வெளியான ஆய்வொன்றில், 6 வாரத்துக்குள் எடுத்த குழாய்களில் 9.2 வீதமானவையும், 12 வாரத்தின் பின் எடுத்தவற்றில் 76.3 வீதமானவையும் படிவேறியிருந்தன. ஆகவேதான் பெரும்பாலும் மூன்று மாதமளவில் மாற்றுகின்றனர்.

புற்றுநோய் புகுந்த வீட்டிலோ அடுத்த மருந்தூசி என்று, இரத்தப் பரிசோதனை என்று என்பதே பேச்சு. நோவில்லாத குழாயை யார் நினைப்பார்? குழாய் வைத்த நாளையும் மாற்றும் நாளையும் வீட்டு நாட்காட்டியிற் குறித்துவைக்குமாறு நாம் வேண்டுவது இதனாலேயே.

கல்லேறிய குழாயை இழுத்தெடுத்தல் ஆகாது. குழாய் முறியும், சிறுநீர்க்குழாய் கிழியவுங்கூடும். முதலில் எக்ஸ்றே படம்பிடித்துக் கல் எங்கே எவ்வளவு என்று அறிவர். சிறுநீர்ப்பையிலுள்ள முனையின் கல்லை லேசர் ஒளியால் உடைத்து, பின் மேலேறிச் செல்வர். சிறுநீரகத்திலுள்ள முனை பெரிதாய் இறுகியிருப்பின் முதுகுப்புறத்தால் துளையிட நேரும். புற்றுநோய் மருந்தால் இரத்தம் உறையும் ஆற்றலும் கிருமியை எதிர்க்கும் வலுவும் குன்றியவருக்கு இது எளிய காரியமன்று. அணுக்கள் மீளும்வரை காத்திருந்து, கிருமிக்கு மருந்து கொடுத்த பின்னரே தொடுவர்.

உடல் மிக நலிந்தவரிடம் சில வைத்தியர் கல்லை அப்படியே விட்டு, முதுகுவழியாகச் சிறுநீரகத்தில் வேறு குழாயிட்டு, வெளியே பையொன்றில் வடியவிடுவதும் உண்டு. அதனையும் சில மாதங்களுக்கொருமுறை மாற்றவேண்டும். பை கண்ணெதிரே தொங்குவதால் அதனை மறப்போர் அரியர்.