குறைபாட்டின் நிழலில் மறையும் துயரம்

மதியிறுக்கம், அறிவுத்திறன் குறைபாடு முதலிய நரம்பியல் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பற்றிப் பேசும்பொழுது நாம் பெரும்பாலும் குழந்தைகளையே எண்ணுகிறோம். ஆயினும் இவை வாழ்நாள் முழுவதும் தொடர்பவை. 1943ஆம் ஆண்டில் லியோ கானர் மதியிறுக்கத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில் முதலாவதாக விவரிக்கப்பட்ட சிறுவர் டொனால்ட் டிரிப்லெட். அவர் வளர்ந்து, வங்கியில் பணியாற்றி, 2023இல் தமது 89ஆம் வயதில் மறைந்தார்.

இத்தகைய பெரியவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றநோயும் பிறரினும் மிகுதியாக வருகின்றன. ஆனால் அவை எளிதில் கண்டறியப்படுவதில்லை. 1982இல் ஸ்டீவன் ரைஸ் என்பாரும் அவருடைய துணைவரும் ஓர் ஆய்வு செய்தனர். கடும் அச்சத்தால் வருந்தும் ஒருவரைப் பற்றிய ஒரே குறிப்பை உளவியலாளர்களிடம் அளித்தனர். அவருக்கு அறிவுத்திறன் குறைபாடு உண்டென்று சேர்த்துச் சொன்னவுடன், அவருடைய அச்சம் சிகிச்சைக்குரியது என்ற எண்ணம் குறைந்தது. குறைபாட்டின் நிழல் துயரத்தை மறைத்துவிட்டது.

நம் சபைகளிலும் இதுவே நிகழ்கிறது. விரும்பிப் பாடிவந்தவர் பாடுவதை நிறுத்துகிறார், உறக்கம் கெடுகிறது, தலையில் அடித்துக்கொள்கிறார். “அவர் எப்போதும் அப்படித்தான்” என்கிறோம். பல்வலியாயிருப்பினும் சொல்லத் தெரியாதவரை அடங்காதவர் என்றும், சில வேளைகளில் பேய் பிடித்தவர் என்றும் கருதுகிறோம். அத்தகைய எண்ணம் எங்கே கொண்டுபோய் விடக்கூடும் என்பதை 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடி காட்டியது. அங்கே ஒரு காப்பகத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்டனர்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எவரையும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. அறிவுத்திறன் குறைபாடு மனநோயன்று என்றும் அச்சட்டம் வரையறுக்கிறது. இதனைத் தவறாகப் பொருள்கொள்ளலாகாது. குறைபாடு நோயன்று, ஆனால் குறைபாடுள்ளவருக்கு வந்த மனச்சோர்வு நோயே. அதற்குச் சிகிச்சை பெறும் உரிமை அவருக்கும் உண்டு.

இங்கேதான் போதகருடைய பணி தொடங்குகிறது. ஏற்காடு ஒண்டிக்கடையில் பேருந்தேறி, இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலம் மருத்துவமனைக்குச் செல்லும் ஒருவரை எண்ணுவோம். இரைச்சலும் நெரிசலும் தாங்காதவர், புறநோயாளிச் சீட்டுக்காகக் காத்து நின்றபின் மருத்துவருக்கு முன் வாய் திறவாதிருக்கலாம். அவருடைய வழக்கமான இயல்பு யாது, எப்பொழுதிலிருந்து மாறியது, வீட்டில் மரணமோ பிரிவோ நேர்ந்ததா என்பவற்றை அறிந்தவர் எழுதிக் கொடுத்தால், மருத்துவருக்கு அது பேருதவியாகும். கூட்டம் குறைந்த நேரத்தை முன்னரே கேட்டறிந்து உடன் செல்வதும் மேய்ப்புப் பணியே.

எனினும் உறவினரிடம் மட்டும் விசாரித்து முடித்துவிடலாகாது. பர்த்திமேயுவின் குறை கண்கூடாகத் தெரிந்தபோதும், அவன் வேண்டுவது யாது என்று ஆண்டவர் அவனையே கேட்டார். நாமும் அவ்வாறே கேட்டு, விடை வரும்வரை பொறுத்திருப்போமாக.